விரலுக்கு அடியில் நின்ற சொல்

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

குணசேகரன் இறந்த செய்தி ஞாயிறு காலை வந்தது. ஈப்போவில் நான் வழக்கமாகத் துணி துவைக்கும் டோபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில், பழைய அலுவலகக் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எங்கள் முதலாளி மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: “நல்ல உதவியாளர்.” இயந்திரம் நின்ற பிறகும் நான் துணியை எடுக்கவில்லை. திரும்பிச் செய்தியைச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

உதவியாளராம்! அவரோடு வேலை செய்த உங்களுக்கே முழுக் கதையும் தெரியாது.

மருந்து வேளைகளைக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். ஒரு வரியைத் தொட்டால் எழுத்து பெரிதாக வேண்டும். நான் எழுதிய நிரலில் எழுத்து மெல்ல மெல்ல வளர்ந்தது. பார்க்க அழகாக இருந்தது. வளர வளர இடம் போதாமல் ஒவ்வொரு சொல்லாக அடுத்த வரிக்குக் குதித்ததை நான் பொருட்படுத்தவில்லை.

குணா அண்ணன் அதைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோனார். சிலிம் ரிவர் பேருந்துக்குக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்த அம்மா விரல் வைத்துப் படிப்பவர். ‘காலை’ என்ற சொல்லைத் தொட்டதும் எழுத்து வளர்ந்தது. அந்தச் சொல் நழுவி, விரலுக்கு அடியில் ‘இரவு’ வந்து நின்றது.

“ராத்திரிக்கா ரெண்டு மாத்திர?” என்று கேட்டாராம்.

திரும்பி வந்தவர் என் மேசைமீது கைப்பேசியை வைத்தார். “மச்சான், நீ ஸ்கிரீனையே பாக்குற. வெரலப் பாருலா. வெரலு அங்கயேதான் இருக்கு, சொல்லு ஓடிப்போச்சி.”

பிறகு அவரே உட்கார்ந்து மாற்றினார். பெரிதான பின் எந்தச் சொல் எங்கே நிற்கும் என்பதை முதலிலேயே கணக்கிட்டுவிட்டு, தொட்ட சொல்லை அசையாமல் நிறுத்தினார். மற்றவை ஒரே ஒருமுறை நகர்ந்து வழிவிட்டன. “பந்தியில ஒருத்தரு சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப எலய இழுக்கலாமா? மத்தவங்கதான் நவுந்துக்கணும்” என்றார்.

செயலியை விருந்தினருக்குக் காட்டிய நாளில் என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். பட்டம் பெற்றவன், ஆங்கிலம் பேசுபவன். அண்ணன் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். இதை யார் செய்தது என்று ஒருவர் கேட்க, முதலாளியின் கை என்னைக் காட்டியது. நான் தலையாட்டினேன்.

பிறகு படிக்கட்டில் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: “பரவால்லலா மச்சான். அந்தம்மா சரியா படிச்சா போதும்.”

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. அதற்காகவே அவர்மீது பல வருடம் கோபமாக இருந்தேன். அந்தத் தலையாட்டலால் எனக்கு வேறிடத்தில் பெரிய வேலை கிடைத்தது. தீபாவளிதோறும் அவர் வாழ்த்து அனுப்புவார். நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவேன்.

சுங்காயில் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பெயரைச் சொன்னதும் அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கதானா? எழுத்து ஓடாம பெருசாவுமே, அத நீங்க செஞ்சீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாருண்ணே.”

நான் மறுபடியும் தலையாட்டினேன். அந்த இடத்தில், அந்த முகத்தின் முன்னால், அதைத்தான் செய்தேன்.

இப்போது எனக்கே எழுத்தைப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. இதை எழுதும்போதும் விரல் வைத்துத்தான் படிக்கிறேன். என் கைப்பேசியிலும் அவர் முறையையே வைத்திருக்கிறேன்; தொட்ட சொல் நகராமல் நிற்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான்.

அதைச் செய்தவர் குணசேகரன். நான் இல்லை. அவர் வீட்டார் கண்ணில் இது படட்டும்.

கீழே பெயர் போடாததைக் கோழைத்தனம் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் போட்டால், அவர் செய்த வேலைக்குக் கீழே மூன்றாம் முறையாக என் பெயர் வரும். போடாமலேயே பதிவிடுகிறேன்.