ஒரே ஊர்க்காரர்கள்

ஈக்வடாரில் பஸ் ஏறுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். இங்கே வந்த ஏழு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் உன் அப்பா யார், எந்தத் தெரு என்று கேட்டதில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியுமோ என்னவோ. அதைக் கெடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் விமானம் ஏறி வந்தார்.

அவர் பெயர் சம்பத், கோயம்புத்தூரில் கணபதிப் பகுதியில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய பம்புகள் இங்கே விலைபோகுமா என்று பார்க்க, நான் வேலை செய்யும் குவயாகில் நகரத்துக் கம்பெனி என்னை அவரோடு அனுப்பியது. காலையில் கடலோர வாழைத்தோப்புகளுக்கு நடுவே வேர்த்து வழிந்தோம். மத்தியானம் சிம்பொராசோ பனிமலையடியில் பல் கிட்டிப்போனது. சாயங்காலம் மழைக்காட்டில் இறங்க வேண்டும். இத்தனூண்டு நாட்டுக்குள் இத்தனையா என்று வாயைப் பிளந்தவர், பிறகு மலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம பக்கம் உங்களுக்கு எந்த ஊருங்க?"

"கிணத்துக்கடவுங்க."

"அட, நம்மூராப் போச்சுங்களே. எங்க தோட்டமும் அங்கதானுங்க. ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?"

கடைசித் தெரு என்றேன். அப்பா தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர் என்றேன். "அப்படீங்களா" என்று பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வளைவில், "இந்தப் பையை எடுத்து மேல வையி" என்றார். மலை இறங்குவதற்குள் மரியாதை இறங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பையை எடுத்து வைத்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

காட்டோரம் மீன்குட்டை வைத்திருக்கும் ரோசாவுக்கு ஒரு பம்ப் வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே ஊர் என்று நானே அவரிடம் அறிமுகம் செய்தேன். ரோசா சிச்சா கொண்டுவந்தார். நம் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, புளிக்கவைத்துச் செய்யும் பானம். கிண்ணம் ஒன்றுதான். விருந்து கொடுப்பவர் முதலில் குடித்துவிட்டு அதையே விருந்தாளிக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம்; ரோசாவும் அப்படியே குடித்துவிட்டு நீட்டினார். சம்பத் சிரித்துக்கொண்டே வாய் வைத்துக் குடித்தார். அடுத்தது என் முறை. நான் அண்ணாந்து, கிண்ணத்தை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டேன்.

ரோசாவின் முகம் மாறியது. "லெ தாமோஸ் ஆஸ்கோ?" என்றார். எங்களைக் கண்டால் அருவருப்பா என்று அர்த்தம்.

எனக்கா அருவருப்பு? ஏழு வயதில், அப்பா கூலிக்குப் போன தோட்டத்தில், தாகத்தில் தோட்டக்காரர் வீட்டுச் சொம்பில் வாய் வைத்துவிட்டேன். அந்த வீட்டம்மா கத்தவில்லை. "ஏங்கண்ணு இப்படிப் பண்ணிப்போட்டே" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, சொம்பைக் காலால் குப்பைக்குழிக்குள் தள்ளினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலேயே என்னை வாய் படாமல் குடிக்கப் பழக்கினார் அப்பா, வெளியில் தவறிவிடக் கூடாது என்று. அந்த அம்மாவின் அருவருப்பை இத்தனை தூரம் என் தொண்டையில் சுமந்து வந்து, என்னைச் சமமாக உட்காரவைத்த ஒரு பெண்ணை அவமானப்படுத்தியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு, விளிம்பில் உதடு பதித்து மீதியைக் குடித்தேன். ரோசா சிரித்தார். மறுபடி நிரப்பிச் சம்பத்திடம் நீட்டினார். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். "போதுமுங்க, வயித்துக்குச் சேராது" என்றார்.

"இவருக்கும் அருவருப்பா?" என்று ரோசா என்னிடம் கேட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். இவர்களை எத்தனை காலம்தான் காப்பாற்றுவது?

"உங்களைக் கண்டு இல்லை. என்னைக் கண்டு" என்று ஸ்பானிஷில் சொன்னேன்.

"நீங்கள் ஒரே ஊர் என்றீர்களே?"

"என்னங்க சொல்றாங்க?" என்றார் சம்பத். மரியாதை திரும்பி வந்திருந்தது.

"நாம ரெண்டு பேரும் ஒரே ஊரான்னு கேக்கறாங்க. நீங்களே சொல்லுங்க."

நிரம்பிய கிண்ணத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டியபடி ரோசா காத்துக்கொண்டிருந்தார்.