தண்ணீர் லாரியில் ஒரு போலீஸ்காரன்

மாறுவேடப் போலீஸைப் பற்றிப் பாக்கெட் நாவல் எழுதுகிறவர்கள் அவன் கையில் துப்பாக்கியைத்தான் கொடுக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது தண்ணீர் லாரியின் ரப்பர் குழாய். மேலதிகாரி என்ற ஜீவனுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் என் உறவுக்காரர்கள்தான். உங்களிடம் சொன்னால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புனேயில், கோந்த்வா பக்கம் அடுக்குமாடி வீடுகள் மளமளவென்று எழும்பின. வீடு வந்தது, குழாய் வரவில்லை. ஒரு கும்பல் தண்ணீர் லாரிகளை வளைத்துப் போட்டது. அதன் தலைவனை எல்லோரும் 'ஷேட்' என்பார்கள். வேறு லாரி அந்தப் பக்கம் வந்தால் கண்ணாடி நொறுங்கும். ஒரு கிணற்றுக்காரப் பெரியவர் தன் கிணற்றைத் தர மாட்டேன் என்றார். மறுநாள் அதே கிணற்றில் பிணமாக மிதந்தார். அவரை ஷேட்டின் ஆட்கள் இழுத்துப் போனதைப் பார்த்தவன் ஒருவன் இருந்தான். பெரியவரிடம் டிரைவராக இருந்த தத்தா. அவன் கோர்ட்டில் வாய் திறந்தால் ஷேட் உள்ளே போவான். அதற்கு முன்னால் அவன் எங்கள் ஆள் என்று வெளியே தெரிந்தால் தத்தா உலகத்தை விட்டே போவான். அவன் பார்த்தது தெரியாத அந்தக் கும்பலிலேயே தத்தா லாரி ஓட்டிக்கொண்டு எங்களுக்குச் செய்தி சொன்னான். அவனுக்குக் கிளீனராக நான் போனேன்.

ஆள் எடுத்த விதம்

ஏன் நான்? துப்பறியும் மூளையா, துணிச்சலா என்று கேட்காதீர்கள். எங்கள் சாகேப், அதாவது இந்த வழக்குக்காகப் போட்ட தனிப்படையின் தலைமை அதிகாரி, கான்ஸ்டபிள்களை வரிசையாக நிற்க வைத்து ஏற இறங்கப் பார்த்தார். என்னிடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் போலீஸில் சேர்ந்தவன் நான். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

தத்தாவையும் எதிரில் உட்கார வைத்து வாக்குக் கொடுத்தார். கோர்ட்டில் சாட்சி சொல்லும் முன்பே அவன் குடும்பத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவாராம். அவனுக்குப் போலீஸிலேயே டிரைவர் வேலையாம். தத்தா நம்பினான். நானும் நம்பினேன். பிறகு சாகேப் என் பக்கம் திரும்பினார். "உன்னைப் பார்த்து போலீஸ்னு எவனும் சொல்ல மாட்டான். உன்கிட்ட இருக்கிற ஒரே திறமை அதுதான்."

மூன்றாவது மாடி

எங்கள் லாரி தண்ணீர் ஊற்றிய குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. அந்த அம்மா பால்கனியிலிருந்து இந்தியில் என்னைத் திட்டுவார். தாமதம் என்பார், தொட்டி நிரம்பவில்லை என்பார், செருப்புக் காலோடு ஏன் உள்ளே வந்தாய் என்பார். திட்டி முடித்து மூச்சு வாங்கியதும் வீட்டுக்காரரிடம் மிச்சத்தைத் தமிழில் திட்டுவார். 'முழியைப் பாருங்க, திருட்டு முழி' என்று ஒரு நாள். 'பல்லு விளக்கி எத்தனை நாளாச்சோ' என்று இன்னொரு நாள். வேலூரிலிருந்து புனேக்கு வந்த குடும்பத்தில், கடக்கி ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். என் வேலூர்த் தமிழ் தொண்டை வரை வந்து நிற்கும். பேச்சு வளர்ந்தால் ஊர், வேலை என்று விசாரிப்பார்களே என்று விழுங்கிக்கொண்டு குழாயைப் பிடிப்பேன்.

ஷேட் அந்தப் பெரியவரின் கிணற்றைக் கைப்பற்றி, அந்தத் தண்ணீரையே விற்க ஆரம்பித்த வாரம் அது. லாரி ஓரமாக நின்ற தத்தா யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த அம்மா கீழே இறங்கி வந்து, கையில் கொஞ்சம் ஏந்தி முகர்ந்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏங்க, இந்தத் தண்ணில எதைப் போட்டு ஊற வச்சானுங்களோ, ஒரு மாதிரி வாடை அடிக்குது!"

என் இலாகாவின் கை

செக்போஸ்டில் ஒரு சின்னப் பையன், போலீஸில் சேர்ந்து மீசைகூட முளைத்திருக்காது, லாரியை ஓரம் கட்டச் சொன்னான். வழக்கமான மாமூல்தான். நான் சட்டைப் பையைத் துழாவக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பளாரென்று ஒன்று விட்டான். சர்வீஸில் எனக்கு எத்தனை வருஷம் இளையவன்! என் அடையாள அட்டை நிக்டியில் என் வீட்டு அரிசி டப்பாவுக்குள் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'சாரி சாகேப்' என்றேன்.

லாரி நகர்ந்த பிறகு, இவனுடைய ஸ்டேஷன் எது, மேலதிகாரி யார், எப்படி இவனை மாட்டிவிடுவது என்று பொரிந்து தள்ளினேன். தத்தா கியரை மாற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தான். அவன் என்னை 'அண்ணா' என்பான். அந்த ஊரில் தெற்கத்திக்காரன் எல்லோருக்கும் அதுதான் பெயர். "அண்ணா, எனக்கு இது தினமும் விழுது. உனக்கு இன்னிக்குத்தான் வலிச்சிருக்கு."

மாமனாரின் பேனர்

மருமகன் போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் லாரியில் தொங்குகிறான் என்று என் மாமனார் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். அவரும் ஆயுதத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், மாரியம்மன் கோயில் கமிட்டியில் பெரிய தலை. மானம் போச்சே என்று துடித்தவர், என்னையோ என் மனைவி மல்லிகாவையோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆடித் திருவிழாவுக்குப் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் அடித்தார். ஒரு பக்கம் அம்மன், மறு பக்கம் தொப்பியோடு நான். கீழே 'இன்ஸ்பெக்டர் முருகேசன்' என்று எழுத்து. கமிஷனருக்கே இல்லாத அதிகாரத்தில் எனக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டார். வைத்த இடம், என்னை லாரியில் பார்த்ததாகச் சொன்ன அதே முனை, எங்கள் லாரிகள் தினமும் திரும்பும் முனை. ஷேட்டின் ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. தொப்பி தெரியுமே!

திருப்பத்தில் அதைப் பார்த்ததும் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். என்னை அங்கே கூட்டிவந்தது தத்தா என்று கும்பல் முழுவதற்கும் தெரியும். நான் அகப்பட்டால் முதல் வெட்டு அவனுக்குத்தான். தத்தா உடனே லாரியை ரிவர்ஸ் எடுத்தான். மூங்கில், பேனர், அம்மன், நான் எல்லோரும் மடமடவென்று சக்கரத்துக்குக் கீழே போனோம். பேனருக்குப் பக்கத்தில் நின்ற மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் இறங்கி அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சந்துக்குள் நிறுத்தி, வாயை மூடுங்கள் என்று கெஞ்சினேன். என் அழுக்குச் சட்டையைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை. "இன்னா மாப்ளே, அவன் அம்மன் மேலயே வண்டிய ஏத்திகினு போறான், நீங்க இன்ஸ்பெக்டராச்சே, புடிச்சு உள்ள போடாம எங்கிட்ட கெஞ்சினு கீறீங்க!"

பத்திரிகைக்காரர்களுக்கு டீ

ஒரு வழியாக ஷேட்டையும் ஆட்களையும் பிடித்தோம். பிடித்த மறுநாளே சாகேப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். சமோசா, டீ, புதிதாய் இஸ்திரி போட்ட உடுப்பு. நான் கதவோரம் நின்றேன். 'எப்படிச் சாதித்தீர்கள்' என்று ஒருவர் கேட்டார். எங்கள் சாகேபுக்கு அந்த நேரத்தில் வாயில் ஒரு சமோசாவாவது இருந்திருக்கக் கூடாதா? செத்துப்போன கிணற்றுக்காரரிடம் முன்பு வேலை பார்த்த டிரைவரே எங்கள் ஆள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெரியவரிடம் இருந்த டிரைவர் ஒரே ஒருவன்தான்.

செய்தி வந்த அன்று, வெளியே மிச்சமிருந்த ஷேட்டின் ஆட்கள் இரண்டு பேர் தத்தாவின் வீட்டுக்கு வந்தார்கள். கத்தவில்லை, கை வைக்கவில்லை. தத்தாவின் மனைவி பயந்து போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து, நன்றாயிருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நான் சாகேபிடம் ஓடினேன். வாக்கு என்ன ஆச்சு, அவன் குடும்பத்தை எப்போது மாற்றுகிறீர்கள் என்று கத்தியே கேட்டேன். அவர் முன்னால் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் நிதானமாகப் பேப்பரை மடித்தார். "டீ குடிச்சிட்டுப் போனது எந்தச் சட்டத்துலய்யா குற்றம்?"

கோர்ட் வராந்தா

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. யாரும் தத்தாவை எங்கும் மாற்றவில்லை. நான் எழுதிக் கொடுத்த மனுக்கள் எந்த மேஜையில் தூங்கினவோ தெரியாது. கடைசியில் தத்தா கூண்டில் ஏறினான். பெரியவர் செத்த அன்று கிணற்றுப் பக்கமே போகவில்லை என்றான். என்னைக் காட்டிக் கேட்டார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த ஆளைத் தெரியாது என்றான். லாரியில் என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவன்! ஷேட் விடுதலையாகி என்னைக் கும்பிட்டுவிட்டே போனான்.

வராந்தாவில் தத்தாவை மடக்கினேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தப் பெரியவருக்கு இதுதானா உன் நன்றி என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாயிருந்திருக்கும். கலைந்திருந்த என் காலரை அவனே சரி செய்துவிட்டான். "அண்ணா, வேஷத்தைக் கலைச்சா உனக்கு நிக்டியில வீடு இருக்கு, இடுப்புல பெல்ட் இருக்கு. நான் இங்கேருந்து நேரா கோந்த்வாவுக்குத்தான் லாரி ஓட்டிட்டுப் போகணும்."

ஆக, ரகசியப் போலீஸாக இருந்த இத்தனை வருஷத்தில் நான் பார்த்த, ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே ஆளுக்குத்தான் போலீஸில் வேலை கிடைக்கவில்லை.