என் வாசல் டின்னும் ஓவியக் கூடமும்

என் வாசலில் நிற்கும், சிமெண்டு நிரப்பிய டின்னை எடுக்கச் சொல்லி, மகளும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் என்னோடு மல்லுக்கு நிற்பது எங்கள் புக்கிட் காத்தில் வட்டாரம் முழுக்கத் தெரியும். டின் இல்லாவிட்டால் என் இடத்தில் கண்டவர்கள் கார் நிறுத்துவார்கள். எடுக்க மாட்டேன்.

இன்று மகள் என்னை மலாக்கா டவுனில் ஓர் ஓவியக் கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

உள்ளே வெள்ளை மேடையில், விளக்கு வெளிச்சத்தில், என்னுடையதைப் போலவே சிமெண்டு டின்! பக்கத்தில் உடைந்த நாற்காலி, பூந்தொட்டி, டயர். கார் இடம் பிடிக்க நம் தாமான் குடியிருப்புகளில் வைக்கும் அத்தனையும் பளிச்சென்ற மஞ்சளில் நின்றன. உண்மையிலேயே அழகு. நகர மனம் வரவில்லை.

"என்னாம்மா இது?"

"ஆர்ட் ப்பா. தொடாதீங்க."

"நம்ம வீட்டுல இருந்தா மட்டும் குப்பையா?"

மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வரும் வழியிலேயே மஞ்சள் பெயிண்ட் வாங்கி, டின்னுக்குப் பூசினேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார்.

"என்னாண்ணே, எடுக்கச் சொன்னா கலர் அடிக்கிறீங்க?"

"இது ஆர்ட்மா. தொடாத."

"நல்லாத்தான் இருக்கு லா. மிச்சம் பெயிண்ட் இருக்கா?"

பெருமையோடு கொடுத்தேன்.

சாயங்காலம் பார்த்தால், ஸ்டெல்லா வீட்டு முன்னால், எங்கள் வாசலில் டின் நிற்பதால் என் மகள் தினமும் கார் நிறுத்தும் இடத்தில், ஒரு மஞ்சள் நாற்காலி.

"என்னாம்மா இது?"

"ஆர்ட்ண்ணே. தொடாதீங்க."

குறை சொல்ல முடியவில்லை. நன்றாகவே பூசியிருக்கிறார்.

காரை எங்கே நிறுத்துவது என்று மகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள். யோசனை இருந்தால் சொல்லுங்கள். டின்னை எடுக்கச் சொல்பவர்கள் மட்டும் எழுத வேண்டாம்.