கவுத்துப் போட்ட சைக்கிளும் களமசேரி மாமாவும்

எங்க கடைக்கு சைக்கிள் வந்தா முதல் வேலை, அதக் கவுத்துப் போடறது. பஞ்சரா, கவுத்துப் போடு. செயின் கழண்டுச்சா, கவுத்துப் போடு. ஹேண்டில் பாரும் சீட்டும் தரையில, சக்கரம் ரெண்டும் வானத்தப் பாத்து. மட்டாஞ்சேரியில சைக்கிள் வேலை பாக்கற எல்லாருக்கும் இதே பழக்கம்தான். ஆனா இந்தப் பழக்கத்தால கல்யாணம் கலையப் பாத்தது எனக்கு மட்டும்தான்.

அப்போ எனக்கு முப்பத்திரெண்டு வயசு. ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும். முன்நெத்தி முடியெல்லாம் விடைவாங்கிட்டுப் போயாச்சு. ஏழு எடத்துல பொண்ணு பாத்து, ஏழும் தட்டிப்போச்சு. எட்டாவது களமசேரியில. நம்ம மாதிரி தமிழ் ஆளுங்கதான், பொண்ணோட அப்பா முனிசிபாலிட்டியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். பொண்ணு ஒரு ஃபாக்டரி ஆபீஸ்ல டைப்பிஸ்ட். போனேன், சாயா குடிச்சேன், மிக்சர் தின்னேன். அவ என்னப் பாத்துச் சிரிச்சா. என்னப் பாத்துச் சிரிக்கறவங்க ஊர்ல நிறைய உண்டு. இது வேற மாதிரி சிரிப்பு. அன்னைக்கு ராத்திரி முழுக்க அதையே நெனச்சுட்டிருந்தேன்.

"விசாரிச்சிட்டுச் சொல்றோம்"னாங்க.

விசாரிக்கறதுன்னா எங்க ஊர்ல அதுக்கு ஒரு முறை இருக்கு. பையன் வீட்டுல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பையன் இருக்கற தெருவுல, சாயாக்கடை பெஞ்சுல வந்து உக்காருவாங்க. ஒரு பழம்பொரி வாங்கித் தின்னுக்கிட்டே, அந்த ஆளு குடிக்குமா, சீட்டாடுமான்னு மெல்லப் பேச்சுக் குடுப்பாங்க. ஜாதகம் பொருந்தினாலும் சாயாக்கடை பொருந்தலேன்னா முடிஞ்சுது.

அதனால எதிர்ல இருந்த சாயாக்கடை சேட்டன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சேன். "யாராவது வந்து கேட்டா நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க சேட்டா."

"நான் சொல்லாம் மோனே," ன்னார் அவரு. "நீ அதுவரைக்கும் வேற கோமாளித்தனம் ஒண்ணும் காட்டாம இரு."

அந்த வாரம்தான் வெள்ளக்காரன் வந்தான்.

ஃபோர்ட் கொச்சியில ஏதோ சின்ன ஹோட்டல்ல தங்கியிருந்தான். தள்ளிட்டு வந்த சைக்கிள்ல சீட் இல்ல. எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான் போலன்னு பாவப்பட்டேன். அப்புறம் பாத்தா, சீட்டு மாட்டறதுக்கே எடம் கிடையாது. உக்காரவே கூடாதாம். நின்னுக்கிட்டே சுவர் மேலயும் பாறை மேலயும் தாவற வெளையாட்டு சைக்கிளாம். எங்க கடைப் படியில ஒரு தாவு தாவி, பின்சக்கரத்துல கொக்கு மாதிரி நின்னும் காட்டினான். எனக்கு அப்பவே சந்தேகம் விழுந்துடுச்சு. உக்கார எடமில்லாத சைக்கிள எவனாவது காசு குடுத்து வாங்குவானா? எங்கயோ அடிச்ச சாமான்தான் இது.

பிரேக்கு அதுக்கும் மேல. கம்பியே இல்ல. கைப்பிடியில இருந்து கறுப்புக் குழாய் ஒண்ணு எறங்குது, உள்ள எண்ணெய். கைப்பிடிய அமுக்கினா, எண்ணெய் போயி ரிம்முக்கு ரெண்டு பக்கமும் இருக்கற குட்டி பிஸ்டனத் தள்ளும். ரப்பர் கட்டை ரிம்ம வந்து கவ்வும். நல்லாக் கவ்வட்டும்னு ரிம்ம வேற கிரைண்டர் வச்சு சொரசொரப்பாக்கி வச்சிருந்தான். குழாய்க்குள்ள காத்து பூந்துடுச்சு, முன்பிரேக்கு பஞ்சு மாதிரி அமுங்குது, காத்தையெல்லாம் வெளிய எடுத்து வையி, மூணாறு போயிட்டு மூணு வாரத்துல வரேன்னு பாதி வாயால, பாதி கையால சொன்னான். எப்படிச் செய்யணும்னும் காட்டினான். கீழ பிஸ்டன்கிட்ட ஒரு சிரிஞ்சு, மேல கைப்பிடிகிட்ட ஒரு சிரிஞ்சு. கீழ இருந்து எண்ணெய ஏத்தினா காத்து மேல வழியா வெளிய போயிடும். ஒரு குப்பி நீல எண்ணெய் குடுத்து, இது மட்டும்தான் ஊத்தணும்னு மூணு தடவ விரல ஆட்டினான். நான் தலைய ஆட்டினேன். புரியாத விஷயம்னா நான் ரொம்ப வேகமாத் தலைய ஆட்டுவேன்.

அவன் போனதும் சைக்கிளக் கவுத்துப் போட்டேன். சீட் இல்லாததால மிளகுச் சாக்கு ஒண்ண மடிச்சு முட்டுக் குடுத்தேன்.

பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போயி ரெண்டு சிரிஞ்சு கேட்டேன். குளுக்கோஸ் ஏத்தற குழாயும் ஒண்ணு.

"யாருக்கு?"ன்னார் மெடிக்கல் ஷாப் இக்கா.

"சைக்கிளுக்கு."

இக்கா என் முகத்தப் பாக்கல. முழங்கைக்கு உள்பக்கம் பாத்தார்.

முதல் நாள் எண்ணெய் ஏத்தினேன். நல்லாத்தான் ஏறுச்சு. ஆனா கைப்பிடிய அமுக்கினா, பழைய பஞ்சு. அந்த எண்ணெயில ஊறி சிரிஞ்சோட ரப்பர் வேற உப்பிப்போயி, மறுநாள் அசையவே இல்ல. திரும்பவும் ரெண்டு சிரிஞ்சு. அதுக்கு அடுத்த நாள் திரும்பவும். நாலாவது நாள் இக்கா, "ஊசி வேண்டாமா?"ன்னார். "ஊசி எனக்கு எதுக்கு, குழாய்தான் இருக்கே"ன்னேன். அந்தப் பதில நெனச்சா இப்பவும் என் தலையில நானே குட்டிக்குவேன்.

ஒரு வாரம் ஆச்சு, பிரேக்கு பிடிக்கல. எண்ணெய் டூப்ளிகேட்டோன்னு சந்தேகப்பட்டேன். இக்கா காலாவதியான சிரிஞ்சத் தள்ளி விடறாரோன்னு சந்தேகப்பட்டேன். வெள்ளக்காரன் வேணும்னே செத்த பிரேக்க என் தலையில கட்டிட்டானோன்னும் சந்தேகம். கவுத்துப் போட்ட சைக்கிள் பாட்டுக்கு எனக்கு முன்னாடி கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டுக் கெடந்துச்சு. அது மேல மட்டும் சந்தேகம் வரல.

அப்பதான் அந்த ஆளு வந்தார். வெள்ளை முண்டு, கக்கத்துல குடை, எண்ணெய் போட்டுப் படிய வாரின தலை. சாயாக்கடை பெஞ்சுல உக்காந்து என் கடையவே பாத்துட்டிருந்தார். மறுநாளும் வந்தார். எனக்குப் புரிஞ்சுபோச்சு. மஃப்டி போலீஸ்! சைக்கிள் திருட்டுச் சாமான்தான், நான் மொதல்லயே நெனச்சேன். வெள்ளக்காரன் தப்பிச்சுட்டான், மாட்டப்போறது நான்.

ஷட்டரப் பாதிக்கு எறக்கி விட்டு, உள்ள மூலையில வச்சு வேலை பாத்தேன். அவர் குனிஞ்சு எட்டிப் பாத்தப்போ, கையில இருந்த சிரிஞ்ச முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சேன். கொச்சிப் புழுக்கத்துல வேர்த்து ஊத்துது.

"என்ன வேலை நடக்குது?"ன்னார். சுத்தமான தமிழ்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா."

"சும்மாவா?"

"அதாவது, காத்து எடுக்கறேன் சார்."

தலைய மெல்ல ஆட்டிட்டு நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். அங்க ரொம்ப நேரம் நின்னு பேசினார். இக்கா தன் முழங்கையத் தொட்டுத் தொட்டு எதையோ காட்டினது எட்டிப் பாத்தப்போ எனக்குத் தெரிஞ்சுது.

மறுநாள் காலையில சாயாக்கடைக்குப் போயி, "சேட்டா, அந்தப் போலீஸ்காரன் என்னைப் பத்திக் கேட்டானா?"ன்னேன்.

சேட்டன் சாயா ஆத்தறத நிறுத்திட்டார். "ஏது போலீஸ்? எடா மண்டா, அது களமசேரிக்காரரு. பெண்ணோட தாய்மாமன்!"

"அய்யோ! நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் நல்லதாத்தான் சொன்னேன். பின்னே நீ போதை ஊசி போடறவன் போல ஷட்டரத் தாத்திட்டு உள்ள சிரிஞ்சும் வச்சிட்டு இருந்தா, நான் சொன்னது ஆரு நம்பும்?"

அன்னைக்கும் அவர் வந்தார். பெஞ்சுல உக்காரக்கூட விடல நான். ஓடிப்போயி, "மாமா, கொஞ்சம் கடைக்கு வாங்க"ன்னேன். மாமான்னு கூப்பிட்டதும் அவருக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. அந்த ஒறவுக்கு இன்னும் ஒத்துக்கலையேங்கற மாதிரி. ஆனாலும் வந்தார். ஷட்டர முழுசாத் தூக்கினேன். சிரிஞ்சு, குழாய், நீல எண்ணெய், எல்லாத்தையும் காட்டி, ஒரே மூச்சுல விளக்கினேன்.

"இது பிரேக்கா?"

"பிரேக்குதான் மாமா."

அவரே குனிஞ்சு கைப்பிடிய அமுக்கிப் பாத்தார். அது வெண்ணெய் மாதிரி அமுங்குச்சு. "பிடிக்கலையே"ன்னார். கதை நல்லா இருக்கு, நம்பத்தான் முடியலங்கற மாதிரி ஒரு பார்வை.

"காத்து இருக்கு மாமா, அதான்."

"பத்து நாளா அந்தக் காத்தத்தான் எடுக்கறியா? நேரா நிறுத்து. இது சைக்கிள்தானான்னு மொதல்ல பாக்கறேன்."

ரெண்டு சிரிஞ்சும் மாட்டியிருக்கற நெலையிலயே சைக்கிள நிமித்தினேன். மேல் சிரிஞ்சு ஆடிச்சு. "கொஞ்சம் பிடிங்க மாமா"ன்னு அத அவர் கையில குடுத்துட்டு, விழுந்துடக் கூடாதேன்னு கீழ் சிரிஞ்சப் பிடிக்கப் போயி, தெரியாம அமுக்கிட்டேன்.

சோடா பாட்டில் தெறந்த மாதிரி குழாய்ல முத்து முத்தாக் காத்து ஏறுச்சு. பிஸ்டனுக்குள்ள பதுங்கியிருந்ததெல்லாம் மாமா கையில இருந்த சிரிஞ்சுக்குப் போயி, பொளக் பொளக்னு வெடிச்சுது.

அப்பதான் எனக்கு ஒறச்சுது. காத்து எப்பவும் மேலதான் போகும். நான் பத்து நாளா சைக்கிளத் தலைகீழாப் போட்டு, மேல இருக்க வேண்டிய கைப்பிடியத் தரையில வச்சு, காத்தக் கீழ போ கீழ போன்னு தள்ளிட்டிருந்திருக்கேன்.

"விடாதீங்க மாமா, நேராப் பிடிங்க! ஒசத்திப் பிடிங்க!"

மாமா குடைய வீசிட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சார். அந்த நேரம் பாத்து சாயா குடிக்க ரோட்டக் கடக்க வந்த இக்கா, எங்க கடை முன்னாடி அப்படியே நின்னுட்டார்.

"படச்சோனே! இப்ப இவருமா?"

மாமாவுக்கு மூஞ்சி செவந்து போச்சு. "இது பிரேக்கு! பிரேக்கு!"ன்னு தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினார். நான் பத்து நாளா சொல்லிட்டிருந்த அதே வார்த்தை. சேட்டன் சாயாக்கடையில சிரிச்ச சிரிப்புல கண்ணாடி டம்ளர் ஒண்ணு ஒடஞ்சுது.

"ஏறிக் காட்டு இவங்களுக்கு"ன்னு மாமா அதட்டினார். இப்ப அவரோட மானமும்ல அதுல இருக்கு! சிரிஞ்சு ரெண்டையும் கழட்டி, அந்த ஓட்டைகளத் திருகாணி முறுக்கி மூடினேன். ஏறினேன், நின்னுக்கிட்டே நாலு மிதி மிதிச்சேன், முன்பிரேக்க முழுக்கையால அமுக்கினேன். அந்த ரிம்ம வெள்ளக்காரன் கிரைண்டர் வச்சு சொரசொரப்பாக்கி வச்சிருந்ததெல்லாம் எனக்கு அந்த நேரத்துல ஞாபகமில்ல. பன்னி அலறின மாதிரி ஒரு சத்தம். சைக்கிள் நின்ன எடத்துல நின்னுச்சு. நான் மட்டும் போனேன், ஹேண்டில் பாருக்கு மேல, நேரா கடை வாசல்ல கெடந்த மிளகுச் சாக்கு மேல.

மாமா குடைய எடுத்துத் தூசி தட்டினார். இக்காவத் திரும்பிப் பாத்தார். "பிடிக்குதா?"ன்னார்.

"பிடிக்குது"ன்னார் இக்கா. ஆனாலும் என் முழங்கையத்தான் பாத்தார்.

மூணாம் நாள் சம்மதம்னு ஆள் வந்துச்சு. சொன்ன மாதிரி மூணாவது வாரம் வெள்ளக்காரனும் வந்தான். ஒத்தை விரலால பிரேக்க அமுக்கிப் பாத்துட்டு, என் மூக்குல இருந்த பிளாஸ்டரையும் பாத்துட்டு, காசக் குடுத்துட்டுப் போனான்.

மாமா களமசேரிக்குப் போயி என்ன சொன்னாருன்னு கல்யாணத்துக்கு அப்புறம் அவதான் சொன்னா. "பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கெடையாது. ஒண்ணு பழகறதுக்கு வேண்டிய புத்தியும் கெடையாது."

"அதக் கேட்டுட்டா சரின்னு சொன்ன?"ன்னேன்.

"அதக் கேட்டுட்டுத்தான்"ன்னு சொல்லிட்டு, பொண்ணு பாத்தப்போ சிரிச்ச மாதிரியே சிரிச்சா. அன்னைக்கு நான் வேற மாதிரின்னு நெனச்ச சிரிப்பு நெஜமாவே வேற மாதிரிதானான்னு எனக்கு அப்ப ஒரு சந்தேகம் வந்துச்சு. இருபது வருஷமாச்சு, இன்னும் போகல.