பைபிளில் இல்லாத ஒரு வார்த்தை: திண்டிவனம், விழுப்புரம் வழியாக முகையூர்ப் பக்கம்

போன வாரம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். பெரிய வெள்ளிக்கு முகையூர்ப் பக்கம் போகிறாராம். அங்கே ஒரு ஊரில் பெண்கள் பாடும் ஒப்பாரியில், பைபிளில் எங்கேயும் இல்லாத இயேசுவின் வார்த்தை ஒன்று இருக்கிறதாம். ஆதியில் அவர் வாயிலிருந்து வந்து, எழுதியவர்கள் கையில் சிக்காமல் தப்பித்த வார்த்தையாம். யாரோ பேசிய வீடியோவில் பார்த்தாராம். “நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களே சார், எப்படிப் போறது?” என்று கேட்டிருந்தார். போயிருக்கிறேன். 1986இல் இரண்டு முறை. வழியும் சொல்கிறேன், அந்த வார்த்தையைப் பற்றியும் சொல்கிறேன். படித்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் அப்போது சென்னையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் யோசிக்கக் கூடாது. மூலப்பிரதியை எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஐப்பசியில் எங்கள் ஒரே மகள் ஜெசிந்தா மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றாம் வகுப்பு. அடக்கத்தின்போது சாமியார், இறந்தவர்கள் மறுபடி வாழ்வார்கள் என்று இயேசு சொன்ன பகுதியை வாசித்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் மனைவி லில்லியும் கல்லறையிலிருந்து வீடுவரை நடந்து வந்தோம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் மேசைக்கு ஒரு கட்டுரை மெய்ப்புக்கு வந்தது. சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கு முன் பல ஆண்டுகள் வாய்மொழியாகவே இருந்தன, அதில் எது இயேசு சொன்னது, எது பின்னால் வந்தவர்கள் அவர் வாயில் வைத்தது என்று பிரித்தாக வேண்டும் என்று எழுதியிருந்தது. பின்னால் சேர்ந்தவை என்று கட்டுரையாளர் சந்தேகப்பட்டவற்றில் அடக்கத்தில் வாசித்த அந்தப் பகுதியும் இருந்தது. எந்தப் புண்ணியவான் இதை எழுதினான் என்று பார்த்தேன். அருளப்பன், திண்டிவனம் என்று போட்டிருந்தது.

லில்லிக்கு இதெல்லாம் கிடையாது. ஜெசியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன சாயங்காலம் நல்ல மழை. ஆட்டோவில் ஏறும்போது என் தோளில் கிடந்தபடி, “வாசல் லைட்ட அணைச்சிடாதீங்கப்பா, நான் வர்றப்ப இருட்டா இருக்கும்” என்றாள். அதற்குப் பிறகு அவள் தெளிவாக எதுவும் பேசவில்லை. அன்று முதல் லில்லி அந்த விளக்கை அணைக்கவே இல்லை. பட்டப்பகலிலும் எரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். அவளுக்கு விளக்கு, எனக்கு மூலப்பிரதி. ஒரே வீட்டில் இரண்டு கிறுக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தவக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில் அருளப்பனைத் தேடிக் கிளம்பினேன். “ஆண்டவர் நெசமா சொன்னாரான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க” என்றாள் லில்லி. பிராட்வேயில் காலை ஆறு மணிக்கு பஸ். திண்டிவனம் நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய்க்குள்தான். அன்றைக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. அப்போது ஒற்றைச் சாலை. எதிரே கரும்பு வண்டி வந்தால் நம் வண்டி மண்ணில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

அருளப்பன் ஒரு டயர் ரீட்ரெடிங் கடைக்குப் பின்னால் குடியிருந்தார். அறை முழுக்க ரப்பர் வேகும் நாற்றம். முன்னாள் சாமியார். குருமடத்தில் வேதாகமம் கற்பித்தவர், கிரேக்கம் எபிரேயம் எல்லாம் தெரியும். எது அசல் என்ற கேள்வி முற்றிப்போய் அங்கியைக் கழற்றிவிட்டு, ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் ஃபாதர் என்று கூப்பிட்டதும், “அதெல்லாம் இப்ப இல்லீங்க” என்றார். மகள் இறந்ததையும் அடக்கத்தில் வாசித்ததையும் சொன்னேன். அந்தக் கட்டுரையை எழுதியதற்காக அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன், ஆனால் அந்த மனிதர் கண் கலங்கியதும் என்னால் முடியவில்லை.

“அவர் சொல்லலைன்னு நான் சொல்லலீங்க. எனக்கு நிச்சயமில்லைன்னுதான் சொல்றேன். உயிர்த்தெழறதப் பத்தி, எழுத்துல இல்லாம வாயில மட்டுமே தங்குன ஒரு வார்த்தை கெடச்சா போதும். நானே திரும்பிப் போயி மண்டி போட்டுடுவேன்.”

அதற்கு அவர் வைத்திருந்த வழி இதுதான். முகையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் இறந்த ஆண்டவருக்கு ஒப்பாரி வைப்பார்கள். சொரூபத்தைப் பெட்டியில் கிடத்தி, சொந்தப் பிள்ளை செத்தது போல மாரடித்து அழுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். அவர்களுடைய அம்மா பாடியது, அந்த அம்மாவுக்கு அவள் அம்மா பாடியது. தமிழில் பைபிள் அச்சாவதற்கு முன்பே, வாய்மொழியாக வேதம் சொன்ன யாரோ கொண்டுவந்து போட்ட வார்த்தைகள் அதில் ஒளிந்திருக்கலாம் என்பது அவர் கணக்கு. மூன்று தவக்காலமாக டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மூலப்பிரதி என்று சொன்னால் போதும், நான் விழுந்துவிடுவேன்.

அன்றே இருவரும் கிளம்பினோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு திருக்கோவிலூர் பஸ் பிடித்தோம். முகையூருக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அங்கெல்லாம் வண்டி நிக்காது சார், டயமுக்கு ஓட்டலன்னா ஒரே பேஜாரு. சாமி கூட வர்றாரேன்னு நிறுத்தறேன். ஜல்தி எறங்கிக்கணும்” என்றார். அங்கி போனாலும் அந்தப் பக்கத்தில் அருளப்பன் இன்னும் சாமிதான்.

சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடை. ஒரு வியாபாரியின் கொட்டகையில் பத்துப் பெண்கள் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அந்தோணியம்மாதான் ஒப்பாரியில் முதல் குரல். கணவரைப் பறிகொடுத்தவர், கட்டைக் குரல், வெற்றிலை வாய். அருளப்பன் டேப்பை வைத்ததும் உரித்துக்கொண்டே பாடிக் காட்டினார். பாதியில் பேட்டரி செல் தீர்ந்துவிட்டது. புது செல் வாங்க அருளப்பன் சாலைக்கடைக்கு நடந்தார்.

சும்மா உட்காரக் கூச்சமாக இருந்தது. நானும் ஒரு கை மல்லாட்டையை அள்ளி உரிக்க ஆரம்பித்தேன்.

“சாமிக்கு வேல இல்ல, எங்க பின்னால சுத்திக்கினு கெடக்குறாரு. நீங்க இன்னாத்துக்கு சார் வந்தீங்க?” என்றார் அந்தோணியம்மா.

சொன்னேன். ஆபீசில் யாரிடமும் சொல்லாததை, பங்குச் சாமியாரிடம் சொல்லாததை, அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து சொன்னேன். ஆட்டோவை, மழையை, வாசல் விளக்கை. பெண்கள் உரிப்பதை நிறுத்திவிட்டார்கள். “அய்யோ எங்கண்ணு” என்று ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அருளப்பன் செல்லோடு வந்தபோது எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். பாட்டுக்குத்தான் அழுகிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. அவரிடமிருந்து கார்டு வந்தது. “எழுத்தில் இல்லாத வார்த்தை கிடைத்துவிட்டது. உயிர்ப்பைப் பற்றியது. உடனே வரவும்.” லில்லி அதை வாங்கி, ஜெசி படத்துக்கு முன்னால் வைத்து, எடுத்து, மறுபடி படித்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டாள். “நம்ம ஃபாதர் வாசிச்சது பொய்யில்ல, பாத்தீங்களா” என்றாள். மறுநாள் நான் பஸ்ஸில் போனேனா, பறந்து போனேனா என்று எனக்கே தெரியாது. அதனால் இரண்டாம் பயணத்துக்கு நேரக்கணக்கு கேட்காதீர்கள்.

அருளப்பன் கதவிலேயே நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். “நாலு சுவிசேஷத்துலயும் இல்ல, சபை ஏத்துக்காம தள்ளுன ஏடுகள்லயும் இல்ல. நேத்து ராத்திரி பூரா பாத்துட்டேன். தாய்கிட்ட மகன் சொல்றது. கேளுங்க” என்று பொத்தானை அழுத்தினார்.

அந்தோணியம்மாவின் குரல் இழுத்து இழுத்து வந்தது. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மாதா பின்னால் ஓடுகிறாள். அவர் திரும்பிச் சொல்கிறார்:

“வாசல் வெளக்க அணைக்காதம்மா, நான் வர்றப்ப இருட்டா இருக்கும்.”

அருளப்பன் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். “எவ்ளோ எளிமை பாருங்க! இத யாராலங்க இட்டுக்கட்ட முடியும்?”

“அது ஜெசி சொன்னது” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். செல் வாங்கப் போனீர்களே, அப்போது நான்தான் அவர்களிடம் சொன்னேன் என்றேன். அவர் டேப்பை நிறுத்தினார். செருப்பை மாட்டினார். மறுபடி விழுப்புரம், மறுபடி திருக்கோவிலூர் பஸ்.

அந்தோணியம்மா ஒளிக்கவெல்லாம் இல்லை. ஒளிக்க என்ன இருக்கிறது?

“ஆமா, இந்த சாரு பொண்ணு சொன்னதுதான். கேட்டதுலேர்ந்து மனசுலயே நின்னுக்கினு இருந்துச்சு, பாட்டுல வெச்சிட்டேன். ஆண்டவரும் ஒருத்தி பெத்த புள்ளதானே சாமி? எங்க ஊர்ல எவ்ளோ சாவு! அவங்கவங்க கடசியா சொன்னத இதுல வெச்சு அழுவுறதுதான். எங்கம்மாவும் அப்பிடித்தான் வெச்சாங்க. எம்புருசன் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே போனாரு, அதுவும் இதுல கீது.”

“தண்ணி, ஆண்டவரே சிலுவையில கேட்டது” என்றார் அருளப்பன்.

“கேட்டிருப்பாரு. சாவுறவங்க யாரு சாமி கேக்கல?”

திரும்பும் பஸ்ஸில் கோலியனூர்க்காரர் ஒருவர் கரும்பு விலை பற்றி விழுப்புரம்வரை பேசிக்கொண்டே வந்தார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். திண்டிவனத்தில் இறங்கும்போதுதான் அருளப்பன் வாய் திறந்தார். “அந்த நாலு புத்தகமும் எந்தெந்த அம்மா யார் யாருக்காக அழுததோ தெரியலீங்க. எது அவரு வார்த்தை, எது எந்த வீட்டுப் புள்ள வார்த்தைன்னு இனிமே நான் எப்பிடிப் பிரிப்பேன்?” மெய்ப்புத் திருத்துகிறவனிடம் மூலப்பிரதி இல்லை என்றால் அவன் வெறும் ஆள்தான். அவர் அந்தக் கேசட்டுகளை அழித்து இங்கிலீஷ் பாடம் பதிந்துகொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் மறுபடி அவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். லில்லி வாசலிலேயே இருந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்காமல், “என்ன வார்த்தை?” என்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

“அப்ப அவர் ஒண்ணுமே சொல்லலையா?”

“தெரியல லில்லி. யாருக்குமே தெரியல.”

அவள் எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, சமையற்கட்டுக்குப் போனாள். நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மூலப்பிரதி மண்ணாங்கட்டி என்று அலையாமல் இருந்திருந்தால் அந்த விளக்காவது மிஞ்சியிருக்குமே என்று அன்றைக்கு அழுதேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, தம்பி, உங்களுக்கு வேண்டியது. இப்போது நாலு வழிச் சாலை, திண்டிவனம்வரை அலுங்காமல் போய்விடலாம். விழுப்புரத்தில் இறங்கித் திருக்கோவிலூர் பஸ் பிடியுங்கள். முகையூர்ப் பக்கம் தங்க இடம் தேட வேண்டாம், விழுப்புரத்திலேயே அறை எடுத்துவிடுங்கள். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீரும் துண்டும் கையில் இருக்கட்டும். அழுகிற பெண்களின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டாதீர்கள், கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அந்த விளக்கு வரி இன்னும் பாடப்படுகிறது என்று நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அந்தோணியம்மா இப்போது இருக்க வழியில்லை. அவர் இடத்தில் நின்று பாடுகிறவர்களுக்கு அது ஆண்டவர் சொன்னதுதான், அவர்களிடம் போய் எதையும் திருத்த வேண்டாம். ஆனால் நீங்கள் கட்டுரை எழுதப் போவதாகச் சொல்கிறீர்கள். ஆதி வார்த்தை, அசல் போதனை என்றெல்லாம் போட்டுவிடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் சொன்னவர் பெயரைச் சரியாகப் போடுங்கள். ஜெசிந்தா. எட்டு வயது. திரும்பி வரவில்லை.