அஞ்சலையின் வலது கால்

1

“மிஸ்ஸி, அஞ்சலை படியில விழுந்துட்டா. எந்திரிக்கவே முடியல. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க.”

காலை பத்து மணி இருக்கும். புக்கிட் பெருவாங்கில் ஒரு நோயாளியின் வீட்டில் இருந்தேன். போனில் பேசியவர் புலாவ் செபாங்கில் இருக்கும் என் நோயாளி கண்ணம்மா அக்கா. அழுகைக்கு நடுவே இன்னொன்றும் சொன்னார்.

“நான்தான் மிஸ்ஸி அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

நான் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். நர்ஸோ தெரபிஸ்டோ, எங்கள் மக்களுக்கு எல்லாரும் மிஸ்ஸிதான். ஓய்வுக்குப் பிறகு ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். ஸ்ட்ரோக் வந்த முதியவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா என்பது ஆய்வு. யாருக்குப் பயிற்சி என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒட்டிய உறையைப் பிரித்து, சீட்டில் உள்ளபடி நடக்க வேண்டும். ஒரு குரூப்புக்கு வாரம் இருமுறை நான் போவேன். மற்றது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கொன்ட்ரோல் குரூப். அவர்களுக்கு வழக்கமான ஆஸ்பத்திரி அப்பாய்ன்ட்மென்ட் மட்டும்.

கண்ணம்மாவும் அஞ்சலையும் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர்கள். இப்போது புலாவ் செபாங்கில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஸ்ட்ரோக்கில் கண்ணம்மாவுக்கு இடது பக்கம் விழுந்திருந்தது, அஞ்சலைக்கு வலது பக்கம். உறையைப் பிரித்தபோது கண்ணம்மாவுக்குப் பயிற்சி என்று வந்தது. அஞ்சலை கொன்ட்ரோல்.

“அப்ப எனக்கு வர மாட்டீங்களா, மிஸ்ஸி?”

“உங்களுக்கு ஆஸ்பத்திரியில செய்வாங்கம்மா.”

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். மகன் லாரி ஓட்டப் போனால் வீடு திரும்ப நாலு நாள் ஆகும்.

2

பயிற்சி தொடங்கிய இரண்டாம் மாதம் ஒரு நாள் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கண்ணம்மாவின் முன்னறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் அஞ்சலை உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். கண்ணம்மா எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அஞ்சலை எழுந்தார். கட்டிலை விட்டு இறங்காதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தே தன் வீட்டுக்குப் போனார்.

“சும்மா பேசிக்கிட்டு இருந்தோம், மிஸ்ஸி,” என்றார் கண்ணம்மா.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டிவரும். எழுதினால், கொன்ட்ரோல் ஆளுக்குப் பயிற்சி போகக் கூடாது என்று நிறுத்தச் சொல்வார்கள். அஞ்சலை நடந்தது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதனால் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் கண்ணம்மாவுக்குப் படி ஏறி இறங்கப் பழக்கினேன். நல்ல கால் முதலில் ஏற வேண்டும், பலமில்லாத கால் முதலில் இறங்க வேண்டும். நான் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, “ஏறுறப்ப வலது, இறங்குறப்ப இடது. அவ்வளவுதான் லா,” என்றேன்.

அவர் அதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அஞ்சலைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அஞ்சலை இடது காலை முதலில் இறக்கியபோது, உடம்பின் பாரம் முழுவதும் மேல்படியில் நின்ற, பலமில்லாத வலது காலுக்குப் போனது. அந்த முழங்கால் மடங்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது.

3

ஆய்வுக் குழுவின் தலைமை டாக்டர், அஞ்சலை விழுந்ததைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு, “வீட்டுல விழுந்தாங்க, அவ்வளவு எழுதினா போதுமே. நம்ம செஷன்ல நடக்கலையே?” என்றார்.

“என் செஷன்ல சொன்ன வார்த்தையாலதான் விழுந்தாங்க, டாக்டர். அவங்க பழகுறதையும் நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லல.”

அவர் அறிக்கையை மறுபடி படித்தார். பிறகு, “சரி, இருக்கிறபடியே அனுப்புங்க,” என்றார். புதிதாக ஆள் சேர்ப்பதைச் சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆய்வுக் காலம் முடிந்ததும் கொன்ட்ரோல் குரூப்புக்கும் பயிற்சி தரவேண்டும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

கண்ணம்மா பயிற்சியையே விட்டுவிட்டார். நான் போனபோது கதவைத் திறந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, தப்பு என்னோடது. எந்தக் காலு, ஏன்னு நான் சொல்லியிருக்கணும்.”

“அவ கால நான்ல மிஸ்ஸி ஒடச்சேன்.”

மறுநாள் அவரை என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அறுவை முடிந்து படுத்திருந்த அஞ்சலைதான் முதலில் பார்த்தார்.

“ஏண்டி, இத்தனை நாளா எங்க போன?”

கண்ணம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ஒன்ன நொண்டியாக்கிட்டேனே.”

“போடி. மூணு மாசம் மோட்டுவளையப் பார்த்துக்கிட்டுக் கெடந்தேன். நீதானே எழுப்பி உக்கார வச்ச?”

நான் வெளியே போய் நின்றேன்.

அஞ்சலை வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கும் அளவுக்குத் தேறினார். வாசல் படியைத் தனியாக இறங்க அவரால் கடைசிவரை முடியவில்லை. கண்ணம்மாதான் தினமும் அந்தப் படிகளை ஏறி அவரிடம் போவார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவருக்கு உதவி இல்லை என்றால், அவர் அதை எங்கிருந்தாவது வாங்கிக்கொள்வார். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது இரக்கம் ஆகாது. இப்போதெல்லாம் ஒரு வீட்டில் பயிற்சி சொல்லிக் கொடுத்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் எழுகிறேன்:

“இத யாருக்குச் சொல்லிக் குடுக்கப் போறீங்க? அவங்களையும் கூப்பிடுங்க.”