துறைமுகத்துச் சங்கிலி

எனக்கு ஏழு வயதாகும்வரை கடலைப் பூட்டலாம், திறக்கலாம் என்றுதான் நம்பியிருந்தேன். நம்பவைத்த புண்ணியவான் என் மாமா, அம்மாவின் தம்பி.

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் அம்மாவுக்கு அவளின் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை இல்லை. இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் வீட்டுவேலை செய்யும் எங்கள் இலங்கைச் சனத்துக்கெல்லாம் அதுதான் ஓய்வு. மூவரும் நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோவில் பஸ் ஏறிப் பழைய துறைமுகத்தடிச் சங்கிலி மாதா கோயிலுக்குப் போவோம். அம்மாவுக்கு அங்கே ஒரு நேர்த்தி இருந்தது. ஊரில் மடு மாதா கோயிலில் செய்வதுபோல வீதியிலிருந்து வாசல்வரை முழங்காலில் படியேறுவாள். நானும் மாமாவும் மேலே, முகமண்டபத்தின் மூன்று வளைவுகளுக்குக் கீழே காத்திருப்போம். தேன் நிறக் கல்லில் வெயில் சாய்ந்து கிடக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் கூரையில் கல் நரம்புகள் ஓடிவந்து நட்சத்திரமாய்க் கூடும். வெளியே பாய்மரங்கள் தூக்கக் கலக்கத்தில் ஆடும். எனக்கும் கண் சொக்கும்.

"இது கட்டி ஐந்நூறு வருசத்துக்கு மேலை," என்பார் மாமா. "அந்தக் காலத்திலை துறைமுகத்தின்ரை வாயிலை பெரிய இரும்புச் சங்கிலி. ஒரு நுனி இந்தச் சுவரிலை, மற்றது அங்காலை கோட்டையிலை. எதிரிக் கப்பல் வந்தால் இழுத்துக் கட்டிப்போடுவாங்கள்."

"இப்ப அது எங்கை மாமா?"

"கடலுக்குள்ளை கிடக்கு. ஆர் வாறதெண்டாலும் மாதாவைக் கேட்டுத்தான் வரவேணும்."

மனுசன் முகத்தில் ஒரு சிரிப்புக் கீற்றுக்கூட இல்லாமல் சொன்னார்.

அப்பா அப்போது மன்னாரில் இருந்தார். அவரை இங்கே எடுப்பிக்க அம்மா மனுக் கொடுத்து ஒரு வருடமாகியும் விசா கிடைக்கவில்லை. இப்போது எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது: சங்கிலி! விமானம் என்று ஒன்று பறப்பது என் மண்டைக்கு எட்டவேயில்லை. அப்பாவின் முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும். ஆனாலும் அவர் எனக்கு வேண்டும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா இருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, கோயிலின் பக்கச் சுவரில் துருப்பிடித்த வளையம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். விடுவேனா? இரண்டு கையாலும் தொங்கித் தொங்கி இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. வளையம் கொஞ்சம் அசைந்தது, அது போதாதா! பாதிப் படியில் முழங்காலில் நின்ற அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, சங்கிலியைக் கழட்டிப்போட்டன்! இனி அப்பா வரலாம்!"

எதற்கும் சிரிக்கும் மாமா அன்று சிரிக்கவில்லை. அம்மா அந்தப் படியிலேயே குந்திவிட்டாள். "ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டு அழுதாள். என் கையிலிருந்த இரத்தத்தைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே விசா வந்தது. நான் தலைகால் தெரியாமல் துள்ளினேன். நேர்த்தி பலித்தால் மாதாவுக்கு நன்றிக்கு மெழுகுதிரி கொளுத்துவது எங்கள் வழக்கம். அம்மாவோ வீட்டை விட்டு அசைவதாயில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அன்று அவள் முழங்காலில் ஏறவில்லை, நடந்தே வந்தாள். திரியையும் நானேதான் கொளுத்தினேன்.

அப்பாவின் அடிக்குப் பயந்து கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு ஓடிவந்தவள் அம்மா. சொந்தக்காரரின் வாய்க்குப் பயந்து அந்த மனுவில் கையெழுத்து வைத்தவள். அவர் வரக்கூடாது என்றுதான் ஒரு வருடமாய் முழங்கால் தேயப் படியேறியிருக்கிறாள். இதையெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

அவள் குனிந்து, நான் கொளுத்திய மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.